ஓடைக்கல்

“மேடம், இன்னைக்கு நான் எழுத மாட்டேன்.”

உலகம்மாள் லெவல் புத்தகத்தை நீட்டினாள். ஷமீமா மேடம் அதை வாங்கவில்லை. கொய்யாக்காய் தின்றுகொண்டிருந்தார்.

“ஏன், கை வலிக்குதா?”

“கை வலிக்கலை. மூணு வருஷமா சர்வே கிளாஸ்ல எனக்கு இந்தப் புத்தகம்தான். சுடலை லெவல்ல கண்ணை வச்சுப் பார்ப்பான், ரீடிங் சொல்லுவான். நான் எழுதணும். கேட்டா, உன் கையெழுத்து நல்லாருக்குங்கான். நான் சிவில் இன்ஜினீயரிங் படிக்க வந்தேனா, குமாஸ்தா வேலைக்கு வந்தேனா?”

“அவ கையெழுத்து நிஜமாவே நல்லாருக்கும் மேடம்,” என்றான் சுடலைராஜ். உயரம் அளக்கும் லெவல் கருவியை முக்காலியோடு தோளில் சாய்த்திருந்தான்.

“உன் கையெழுத்து நல்லாருந்தா நீ எழுதியிருப்பியால?”

மூன்றாம் ஆண்டு சிவிலில் உலகுவிடம் வாதாடி ஜெயித்தவர் யாரும் இல்லை.

மேடத்துக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. அந்த வருடம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அதிகம் பேசமாட்டார். புத்தகத்தை இப்போது வாங்கிப் புரட்டினார்.

“இந்தக் கடைசிக் கட்டமெல்லாம் ஏன் காலியா இருக்கு?”

“ரிமார்க்ஸா? அதுல எழுத ஒண்ணும் இருக்காது மேடம்.”

“மூணு வருஷமா?”

“மூணு வருஷமா.”

மேடம் புத்தகத்தை மூடினார். குழுவில் மூன்றாமவனான நெல்சன் கையிலிருந்த ஸ்டாஃபைப் பிடுங்கினார். ஸ்டாஃப் என்பது நாலு மீட்டர் உயரத்துக்கு நீளும் அளவுகோல். அதை உலகுவிடம் கொடுத்தார். புத்தகத்தை நெல்சனிடம் கொடுத்தார்.

சுடலை சிரித்தான். “பிரமோஷன்.”

“மேடம், இதுக்கு வெளியே கூலிக்கு ஆள் வைப்பாங்க.”

“ஆமா.”

“சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்கிற வேலை.”

“ஆமா.”

“நான் கேட்டது லெவல்.”

“மூணு நாள்,” என்றார் மேடம். “அளந்துட்டுத் திரும்பி வந்து இந்தக் கல்லுல கணக்கு சேர்ந்துட்டா, வருஷம் முழுக்க லெவல் உன் கையில.”



மலையடிவாரத்தில் ஒரு சின்ன ரயில் நிலையம். பிளாட்பாரத்து ஓரத்தில் பதித்த ஒரு கல். கடல்மட்டத்திலிருந்து அதன் உயரம் எவ்வளவு என்று தெரியும்.

அங்கிருந்து உயரத்தை அளந்துகொண்டே, மலைமேல் தண்ணீர்த் தொட்டி கட்டப்போகும் பாறைவரை போக வேண்டும். போக இரண்டு கிலோமீட்டர். அளந்துகொண்டே திரும்பி வர இரண்டு கிலோமீட்டர்.

புறப்பட்ட உயரமும் வந்து சேர்ந்த உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக இருக்காது. இருபத்துநாலு மில்லிமீட்டர்வரை மன்னிப்பு உண்டு. அதற்கு மேல் போனால் முதலிலிருந்து.

நாலாம் நாள், வேலை முடித்தவர்களுக்கு அருவி.



முதல் கல். உலகு ஸ்டாஃபை நிறுத்திப் பிடித்தாள்.

சுடலை தூரத்திலிருந்து பார்த்தான். எண்ணைச் சொன்னான். நெல்சன் கிறுக்கினான். பிறகு கருவியைத் தூக்கிக்கொண்டு இருவரும் அவளைக் கடந்து முன்னால் நடந்தார்கள். அவளும் கிளம்பினாள்.

“நில்லு,” என்றார் மேடம்.

“அவங்க போயிட்டாங்களே.”

“லெவல் இப்ப எங்க இருக்கு?”

“சுடலை தோள்ல.”

“எவ்வளவு உயரத்துல?”

தோளில் ஆடிக்கொண்டு போகிற கருவிக்கு உயரம் ஏது?

“தெரியாது மேடம்.”

“அப்ப யாருக்குத் தெரியும்?”

உலகு குனிந்து பார்த்தாள். கல். கல்லின் மேல் ஸ்டாஃப். ஸ்டாஃபில் தன் கை.

சுடலை முன்னால் போய் முக்காலியை விரித்து, மட்டம் காட்டும் காற்றுக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, திரும்பி அதே கல்லைப் பார்க்கிறவரை, அதுவரை அளந்த உயரமெல்லாம் அந்த ஓர் இடத்தில்தான் இருந்தது. வேறெங்கும் இல்லை.

“எவ்வளவு நேரம் நிக்கணும்?”

“அவன் பார்க்கிற வரைக்கும்.”

“அவன் டீ குடிக்கப் போயிட்டா?”

“குடிச்சுட்டு வருவான்.”

“இது அநியாயம் மேடம்.”

“ஆமா,” என்றார் மேடம். “கல்லை விட்டு எடுக்காத.”



இரண்டாம் நாள் பதினோரு மணிக்கு ஓடைக்கு வந்தார்கள்.

வண்டித்தடம் ஓடையைக் குறுக்கே கடந்தது. எங்கும் மணல். உறுதியாக நின்றது தடத்தின் விளிம்பில் ஒரே ஒரு கல். உலகு அதன்மேல் ஸ்டாஃபை வைத்தாள். சுடலை பார்த்து எண்ணைச் சொன்னான். இருவரும் கருவியோடு அக்கரைக்குப் போனார்கள்.

அக்கரையில் பஜ்ஜிக் கடை இருந்தது.

அரை மணி நேரம் ஆனது. தலையில் வெயில். கை மாற்றிப் பிடித்தாள். மேடம் வேறு குழுவைப் பார்க்கப் போயிருந்தார்.

டிராக்டர் வந்தது. மலை மாதிரி வைக்கோல்.

“யம்மா, நகரு,” என்றார் ஓட்டுநர்.

“அண்ணே, கொஞ்சம் பொறுங்க. சர்வே நடக்குது.”

“நடக்கவா செய்யுது? நீ நிக்கதைத்தாம்லா பார்க்கேன்.”

அவளுக்குக் கோபம் வந்தது. நியாயமாக அந்தக் கோபம் பஜ்ஜி தின்கிறவர்கள்மேல் வர வேண்டும். ஸ்டாஃபின்மேல் வந்தது. தூக்கினாள். ஒதுங்கினாள்.

டிராக்டரின் பின்சக்கரம் கல்லின்மேல் ஏறி இறங்கிப் போனது.

உலகு ஸ்டாஃபை மறுபடி கல்லின்மேல் வைத்தாள்.

ஐந்து நிமிடத்தில் அக்கரையிலிருந்து சுடலை கையசைத்தான். பார்த்தான். எண்ணைச் சொன்னான். நெல்சன் எழுதினான்.

யாருக்கும் தெரியாது.

மிச்ச வழியெல்லாம் உலகு தனக்குள் வாதாடிக்கொண்டு நடந்தாள். கல் அதே கல். இடம் அதே இடம். அமுங்கியிருந்தாலும் அரை விரல் அமுங்கியிருக்கும். அதற்குத்தானே இருபத்துநாலு மில்லிமீட்டர் மன்னிப்பு. தப்பு அவனுடையது, பஜ்ஜி தின்னப் போனவன். மூன்று வருடமாக லெவலைப் பறித்துவைத்திருப்பவன். சொன்னால் என்ன சொல்வான்? பொம்பளைப் பிள்ளை கையில கொடுத்தா இப்படித்தான் என்பான்.

வாதத்தில் அவளே ஜெயித்தாள். எப்போதும்போல.



மூன்றாம் நாள் மதியம் ரயில் நிலையத்துக் கல்லுக்குத் திரும்பினார்கள். சுடலை கணக்குப் போட்டான்.

“பத்தொன்பது மில்லிமீட்டர் மேடம். பாஸ்.”

“அருவி,” என்றான் நெல்சன்.

மேடம் லெவலை முக்காலியிலிருந்து கழற்றினார். உலகுவிடம் நீட்டினார்.

“இந்தா.”

மூன்று வருடமாகக் கேட்டது. உலகு கையை நீட்டினாள்.

மேடத்தின் தலைக்கு மேலே மஞ்சள் பலகை. ஊர்ப் பெயர். அதன் கீழே சின்ன எழுத்தில், கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று. சின்ன வயதிலிருந்து எத்தனையோ ஸ்டேஷனில் பார்த்த வரி. நீட்டிய கை பாதியில் நின்றது.

“மேடம், இந்தக் கல்லோட உயரம் எப்படித் தெரிஞ்சுது?”

“முந்தின கல்லுலேருந்து.”

“அதோட உயரம்?”

“அதுக்கு முந்தின கல்லுலேருந்து.”

“அப்படியே போனா?”

“கடல்.”

அங்கிருந்து கடல் தெரியாது. வாசனைகூட வராது. தண்டவாளம் வளைந்து பனைக்கூட்டத்துக்குள் மறைவதுதான் தெரியும்.

“அங்கேருந்து இங்க யார் கொண்டுவந்தா?”

“உன்னை மாதிரி ஒருத்தர். அவருக்குப் பிறகு ஒருத்தர்.”

“பேரு இருக்கா?”

“பார்த்தவங்க பேரு இருக்கும். எழுதினவங்க பேரும் இருக்கலாம்.”

“பிடிச்சவங்க?”

மேடம் உதட்டைப் பிதுக்கினார்.

உலகு தண்டவாளத்தையே பார்த்தாள். அலை வந்து போகிற இடத்தில் ஒருவர் நிற்கிறார். கூப்பிடு தூரத்தில் இன்னொருவர். உப்பளத்தில், சந்தையில், செம்மணல் தேரிக்காட்டில், கல்லுக்கு ஒருவராக நிற்கிறார்கள். யாருக்கோ தாகம். யாருக்கோ வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல். எதிரே வண்டி வந்திருக்கும், மழை வந்திருக்கும். பார்க்கிறவன் பஜ்ஜி தின்னப் போயிருப்பான். கல்லை விட்டு எடுக்காமல் நின்றிருக்கிறார்கள். எடுத்தவர்கள் எடுத்தேன் என்று சொல்லியிருக்கிறார்கள். இல்லையென்றால் இந்தப் பலகை பொய். இதற்கு அப்புறம் வருகிற ஊரெல்லாம் பொய்.

ஒரு கடலை இத்தனை தூரம் சிந்தாமல் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அவள் கையை மடக்கிக்கொண்டாள்.

“மேடம், ஓடைக்கல்லுல நான் ஸ்டாஃபைத் தூக்கிட்டேன். கல்லுமேல டிராக்டர் ஏறிடுச்சு.”



“ஏட்டி, அதான் பாஸாயிடுச்சே,” என்றான் சுடலை. “ஏன் வாயைத் திறக்க?”

“அது பாஸ் இல்லல.”

“பத்தொன்பதுதானே வருது?”

“என்ன வந்தா என்ன? நான் தூக்கினேன்.”

சுடலை முக்காலியை உதைக்கப் போனான். உதைக்கவில்லை.

“பாறைப் பக்கத்துல ஒரு ரீடிங்,” என்றான். “வெயில்ல எல்லாம் அலை அலையா ஆடிச்சு. சரியாத் தெரியலை. ரெண்டு புள்ளி மூணுன்னு சொல்லிட்டேன்.”

எல்லோரும் நெல்சனைப் பார்த்தார்கள்.

“என்னை ஏன் பார்க்கீங்க?” என்றான் நெல்சன். பிறகு, “ஏழா ஒண்ணான்னு என் எழுத்து எனக்கே புரியலை மேடம். ஏழுன்னு வச்சுக்கிட்டேன்.”

மூன்று தப்பும் கூடிக் கழிந்து பத்தொன்பது மில்லிமீட்டர்.

மேடம் அந்த மூன்று நாள் பக்கங்களின் குறுக்கே ஒரு கோடு போட்டார். லெவலை மறுபடியும் உலகுவிடம் நீட்டினார்.

“எனக்கா? நான்தான் கல்லுல சேரலையே மேடம்.”

“இன்னும் கிளம்பவே இல்லையே.”

ஸ்டாஃபை எடுத்து சுடலை கையில் வைத்தார்.

“மேடம், நானா?”

“ஆமா.”

“நான் எழுதுறேன்,” என்றான் நெல்சன்.

“நீ லெவலுக்குக் குடை பிடி,” என்றார் மேடம். புத்தகத்தைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.



நாலாம் நாள் காலை மறுபடி அதே ஓடை. அதே ஒரே கல்.

“இங்க வண்டி வருமே,” என்றான் சுடலை.

“வரும்,” என்றாள் உலகு.

அவள் ரீடிங் எடுத்தாள். லெவலைத் தோளில் ஏற்றினாள். கனத்தது. தான் தூக்கிப் போகிற இந்தக் கருவிக்கு இப்போது உயரம் இல்லை என்று நினைத்தபோது நடை தானாக வேகமானது. பஜ்ஜிக் கடையை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நெல்சன் பார்த்தான்.

அக்கரை மேட்டில் முக்காலியை விரித்தாள். குமிழி ஓடியது. நடுவுக்கு வராமல் வழுக்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித் திருகாணிகளைத் திருகினாள்.

ஹாரன் சத்தம் கேட்டது.

அருவிக்குப் போகும் வேன். உள்ளே மொத்த வகுப்பும். ஜன்னலெல்லாம் துண்டும் தலையும்.

“ஏலே சுடலை, நகருல!”

“குளிக்க வரலேன்னா வழியையாவது விடுல!”

குமிழி நின்றது. உலகு கண்ணை வைத்தாள்.

லெவல் தன் கைக்கு வருவதற்கு முன்னால் இரண்டே முறை அதில் பார்த்திருக்கிறாள், போதும் நகரு என்று யாராவது சொல்லும்வரை. இப்போது யாரும் சொல்லவில்லை.

பழைய கருவி. அதில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். மேலே மணல். மணலிலிருந்து வேன் தொங்கியது. கீழே, அடியில்லாத வானம். நடுவே ஒரு கல். அந்தக் கல்லிலிருந்து சுடலைராஜ் தொங்கிக்கொண்டிருந்தான், இரண்டு கையாலும் ஸ்டாஃபைப் பிடித்தபடி. அவனுக்கு ஒரு முழம் தள்ளி வேனின் சக்கரம். ஓட்டுநர் இறங்கிவந்து கையை ஆட்டி ஏதோ திட்டினார். சுடலையின் நெற்றி வியர்வை கண்ணுக்குள் போனது. அவன் அதைத் துடைக்கவில்லை.

கருவியின் குறுக்குக் கோடு, மயிரிழை அளவு, ஸ்டாஃபில் ஓர் எண்ணின்மேல் படிந்திருந்தது. அசையவில்லை.

அந்த எண்ணுக்குப் பின்னால் தண்டவாளம் இருந்தது. தண்டவாளத்துக்குப் பின்னால், கல் கல்லாக, கடல்.

“ரீடிங்?” என்றார் மேடம்.

“ஒண்ணு புள்ளி நாலு ஏழு அஞ்சு.”

மேடம் எழுதினார். பேனா அடுத்த கட்டங்களைக் கடந்து, காலியாகவே இருக்கும் கடைசிக் கட்டத்தில் போய் நின்றது.

“ரிமார்க்ஸ்?”

உலகு கண்ணை எடுக்கவில்லை.

“சுடலைராஜ் நிக்கிறான்.”