புளித்தண்ணீரில் விழுந்த மாணிக்கம்

சத்தியம்! என் மீசைமேல் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் இன்று தின்ற சோறு எனக்குச் செரிக்காமல் போகட்டும்! இலுப்பை மரத்தின்மேல் உட்கார்ந்து இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தவன் நான்.

அந்தக் காட்டில் சடையன் என்ற ஓணான் நகைக்கடை வைத்திருந்தான். கடையென்றால் ஒரு பாறை இடுக்கு. வெயில் எட்டிப் பார்க்காது. ஒரு மின்மினியை விளக்காகக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். அந்த வெளிச்சத்தில் எல்லாக் கல்லும் குங்குமமாய் மின்னும்.

குப்பாயி என்ற அணிலுக்கு மாணிக்க அட்டிகைமேல் ஆசை. ஏன் ஆசை என்று கேட்பீர்களோ? உங்களுக்கு ஆசையே வந்ததில்லையோ?

"கொஞ்சம் வெயிலில் வைத்துப் பார்க்கட்டுமா, அண்ணாச்சி?"

"ஐயையோ! மாணிக்கத்துக்கு வெயில் ஆகாது, தங்கச்சி! சிங்கராசாவே என் கடையில்தான் மாணிக்க மணிமுடி வாங்கினார். அவர் வெயிலிலா பார்த்தார்?"

ராசாவே பார்க்கவில்லையாம்! குப்பாயி அட்டிகையைக் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். அட்டிகைக்கு ஈடாக அவள் குடியிருந்த இலுப்பை மரத்துப் பொந்தைக் கேட்டான் சடையன். மழைக்காலம் தொடங்கும்போது காலி செய்தால் போதும் என்றான். அதற்குள் வேறு பொந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அவளும் சரி சொன்னாள்.

பொந்து கிடைக்கவில்லை. குட்டிகள்தான் பிறந்தன.

ஒருநாள் அட்டிகையில் பழச்சாறு ஒட்டி அழுக்கேறிவிட்டது. பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் துலக்கிவிடலாம் என்று, கொட்டாங்குச்சியில் புளியைக் கரைத்து ஊறப்போட்டாள். எடுத்துப் பார்த்தால் தண்ணீர் சிவப்பு, கல்லெல்லாம் வெறும் கண்ணாடி!

கொட்டாங்குச்சியோடு ஓடினாள். "சாயம் போய்விட்டது, அண்ணாச்சி! இந்தா உன் அட்டிகை. பொந்து கிடையாது!"

"மாணிக்கத்தைப் புளியில் போடுவாளா ஒருத்தி!" என்று சடையன் தலையில் அடித்துக்கொண்டான். "எப்பேர்ப்பட்ட அசல் மாணிக்கமும் புளி பட்டால் நிறம் விட்டுவிடும். பேணத் தெரியாதது உன் குற்றம். மேகம் கறுக்கிறது, பொந்தைக் காலி பண்ணு!"

பொந்துக்குள் குட்டிகள் இன்னும் கண்கூடத் திறக்கவில்லை.

வழக்கு சிங்கராசாவிடம் போனது. கொட்டாங்குச்சியில் புதுப்புளி கரைத்து எடுத்துக்கொண்டு வந்தாள் குப்பாயி. சபையில் எல்லார் மேலும் சடையன் கடை நகைதான். "நகை பூணத் தெரியாத கழுத்துக்கு அட்டிகை ஒரு கேடா!" என்று மயில் முகத்தைத் திருப்பியது.

"வாங்கியவள்தான் கெடுத்தாள். பொந்து சடையனுக்கே!" என்றார் ராசா.

"முடியாது!" என்றாள் குப்பாயி.

"என்ன சொன்னாய்?"

"முடியாது என்றேன், ராசா! இன்னும் கத்திச் சொல்லட்டுமா?"

குப்பாயி சடையன் பக்கம் திரும்பினாள். "உன் கழுத்தில் கிடக்கிறதே ஒரு சின்னக் கல், அது அசலா?"

சடையன் மார்பை நிமிர்த்தினான். "அசலிலும் அசல்! முப்பாட்டன் காலத்துக் கல். இதை மட்டும் எவருக்கும் விற்கமாட்டேன்!"

"நல்லது. அசல் மாணிக்கம் புளியில் நிறம் விடும் என்றாயே. இதில் போடு, விடட்டும்!"

சடையன் நழுவப் பார்த்தான். குரங்கு அவன் வாலை மிதித்தது, கல்லைப் பிடுங்கிக் கொட்டாங்குச்சியில் போட்டது. எல்லாரும் காத்திருந்தார்கள். வெளியே எடுத்தபோது கல் முன்னைவிடப் பளிச்சென்று கிளிமூக்காய்ச் சிவந்திருந்தது!

"பார்த்தீர்களா! அசலிலிருந்து போனது அழுக்குத்தான்!" என்றாள் குப்பாயி.

ஒருவரும் கைதட்டவில்லை. எல்லார் கண்ணும் மெல்ல ராசாவின் முடிமேல் போய் நின்றது.

ராசா கனைத்தார். "சபை கலையலாம்! இதைப் பற்றி வாய் திறப்பவர் வாலை அறுப்பேன்!"

"இந்தா என் வால்! முடிந்தால் அறு!"

குப்பாயி வாலைப் புளித்தண்ணீரில் முக்கினாள். ஒரே தாவில் அரியணைமேல் ஏறினாள். முடியின் கல்லெல்லாம் நனைய நனையத் தேய்த்தாள். சிவப்பு ராசாவின் நெற்றியில் வழிந்து மூக்கில் சொட்டியது.

"ஐயோ, என் ராசாவுக்கு மண்டை உடைஞ்சுபோச்சே!" என்று ராணி ஒப்பாரி வைத்தாள்.

ராசா நாக்கை நீட்டி நக்கிப் பார்த்தார். "புளிக்குதே!" என்றார்.

முதலில் சிரித்தது கரடி. பிறகு தன் காப்பைக் கழற்றிக் கொட்டாங்குச்சியில் போட்டது. அதுவும் வெளுத்தது. மயில் தயங்கித் தயங்கி வந்தது. "நான் அடைகிற கிளையையே இவனிடம் கொடுத்துவிட்டேன். வெட்கத்தில் வெளியே சொல்லவில்லை" என்று தன் பதக்கத்தைப் போட்டது.

இத்தனை பேருக்கு முன்னால் ராசா என்ன செய்வார்? "வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுடா! ஏமாற்றினாயா, இல்லையா?" என்று கர்ஜித்தபடி, கொட்டாங்குச்சியைச் சடையன் தலையிலேயே கவிழ்த்தார்.

சடையன் நடுங்கிக்கொண்டே 'ஆமாம்' என்று தலையாட்டினான். அன்று ஆட்டிய தலை இன்னும் நிற்கவில்லை. கழுத்தில் வழிந்த சிவப்பும் போகவில்லை. சந்தேகமென்றால் வேலியோரம் போய்ப் பாருங்கள்!

முதல் தூறல் விழுந்தபோது குப்பாயி பொந்துக்குள் குட்டிகளை அணைத்துக்கொண்டிருந்தாள். வெறும் கழுத்துதான். ஆனால் நிமிர்ந்த கழுத்து!

ஏமாந்ததை மூடி மறைக்கிறவர், ஏமாற்றியவனுக்குக் கூலியில்லாத காவல்காரர்.

ஒன்று மட்டும். சிங்கராசா இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். யார் சொன்னது என்று கேட்டால் என் பேரை எடுத்துவிடாதீர்கள். மயில் சொன்னது என்று சொல்லிவிடுங்கள்!