அதே காய், அதே கட்டம்

"நான் எதை நகர்த்தினாலும் அவனும் அதையே நகர்த்துறான் மேடம். தண்ணி குடிச்சா தண்ணி குடிக்கிறான். எப்படி ஜெயிக்கிறது?"

கேட்டவர் இஸ்ரவேல். தபால் நிலையத்தில் வேலை, வயது நாற்பத்தொன்பது. மேடம் என்பது அவருக்குச் சதுரங்கம் சொல்லித்தரும் நிலோஃபர். அவளுக்கு இருபத்தாறு. சின்னப் பெண் முன் கைகட்டி நிற்பதில் இஸ்ரவேலுக்கு வெட்கமே கிடையாது. தோற்பதில்தான்.

போன வருடம் மாவட்டப் போட்டியின் கடைசிச் சுற்றில் அந்த எதிராளியிடம் தோற்றார். நாளைய கடைசிச் சுற்றும் அவனோடுதான். ஜெயித்தால் மாவட்ட அணியில் இடம். இருபது வருடமாக அந்த இடத்துக்கு ஏங்கிக் கிடக்கிறார்.

"போன வருஷம் எங்க தோத்தீங்க?"

"அதான் மேடம், இன்னிக்கு வரைக்கும் புரியலை."

நிலோஃபர் பலகையை விரித்து, வெள்ளைக் காய்களை அவர் பக்கம் தள்ளினாள்.

ராணிப் பக்கத்து மந்திரிக்கு முன்னிருந்த சிப்பாயை அவர் இரண்டு கட்டம் தள்ளினார். அவளும் தள்ளினாள்.

குதிரை. குதிரை.

மற்ற மந்திரியை ஓரமாக நிறுத்தினார். அவளுடைய மந்திரியும் ஓரமாக நின்றது.

பன்னிரண்டு நகர்த்தல் ஆயிற்று. பலகையின் இரண்டு பாதியும் ஒன்றுபோல் இருந்தன.

அவர் மூக்கைச் சொறிந்தார். அவளும் சொறிந்தாள்.

"விளையாடாதீங்க மேடம்."

"விளையாடாதீங்க மேடம்."

குரல் அவருடையது, கரகரப்பு உட்பட. அவள் முகத்தில் சிரிப்பில்லை.

கண் சிமிட்டினார். எதிரில் இமைகள் கூடவே மூடித் திறந்தன. தொண்டையைச் செருமப் போனார். அதற்குள் அவள் செருமிவிட்டாள்.

தான்தான் அவளைப் பார்த்துச் செய்கிறோமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே பயந்துபோனார். ஏதாவது செய்து இதை நிறுத்தினால் போதும். ராணியைச் சட்டென்று தூக்கினார்.

அவள் கை அசையவில்லை.

தூக்கிய பிறகுதான் பார்த்தார். ராணி எங்கே போனாலும் அதன் காவலில் நிற்கும் குதிரை காலி. எடுத்த கட்டத்திலேயே மெல்ல வைத்தார்.

"தொட்டுட்டீங்க சார்," என்றாள் நிலோஃபர், சொந்தக் குரலில். "தொட்ட காயை நகர்த்தியே ஆகணும்."

"மேடம்..."

"நகர்த்துங்க. இவ்வளவு நேரமும் இதுக்குத்தான் காத்திருந்தேன், போன வருஷம் அவன் காத்திருந்த மாதிரி."