யார் காலால் நூறு அடி?

ஒரு காட்டில் மூன்று கடைகள் இருந்தன, கண்ணுகளா. கரடி கள் விற்றது. குரங்கு வேரும் பட்டையும் அரைத்து மருந்து விற்றது. முள்ளம்பன்றி மயக்க இலை விற்றது. வலிக்கு ஒரு துணுக்கு மென்றால் நன்றாகத் தூக்கம் வரும். அளவு மீறினால் தலை சுற்றும். கள்ளும் மருந்தும் மட்டும் என்னவாம்? அளவு மீறினால் எல்லாமே அப்படித்தான்!

ஒருநாள் பன்றிக்குட்டி ஒன்று கரடியின் கள் பானையை நக்கிவிட்டு, தள்ளாடிப் போய் ஓடையில் விழுந்தது. நல்லவேளை, தண்ணீர் குறைவாக இருந்ததால் பிழைத்தது.

புலிராஜாவுக்குக் கோபம் வந்தது. "குட்டிகள் விளையாடும் ஓடையிலிருந்து மூன்று கடைகளும் நூறு அடி தள்ளி இருக்க வேண்டும்!" என்று ஆணையிட்டார்.

நியாயமான ஆணைதான். முதலில் தலையாட்டியதே முள்ளம்பன்றிதான்.

அளக்கும் பொறுப்பு நரியிடம் போனது. நரிக்கோ கரடியின் கடையில் தினமும் ஓசிக் கள்! அது என்ன செய்தது தெரியுமா? கரடியின் கடைக்கு எலியைக் கூப்பிட்டு நடக்கவிட்டது. ஓடையிலிருந்து நாலு புதரைத் தாண்டி, கரடியின் கடைக்கு வருவதற்குள்ளேயே எலியின் நூறு அடி முடிந்துவிட்டது. கரடி ஒரு பானையைக்கூட நகர்த்தவில்லை. குரங்கின் கடைக்கு முயல் நடந்தது. முள்ளம்பன்றியின் கடைக்கு மட்டும் யானை! அது தொம் தொம் என்று நடந்து, மலைச்சரிவில் பாறைகளுக்கு நடுவே போய் நின்றது.

வேறு வழியில்லாமல் முள்ளம்பன்றி அங்கேயே கடை போட்டது.

இலை கேட்டு வருகிறவர்கள் வலிக்காரர்கள். அவர்களால் மலை ஏற முடியுமா? கால் முறிந்த மான் பாதி வழியிலேயே உட்கார்ந்து அழுதது.

"முள்ளண்ணே, மூணு நாளா கண்ணே மூடல. இதுக்கு மேல என்னால ஏற முடியாது."

முள்ளம்பன்றிக்கு முட்களெல்லாம் சிலிர்த்துக்கொண்டன. நேரே ராஜசபைக்கு ஓடியது.

"இது அநியாயம், ராஜா! எனக்கு யானைக் கால், கரடிக்கு எலிக் காலா?"

நரி சிரித்தது. "ஆணையில் நூறு அடி என்றுதானே இருக்கிறது? யாருடைய அடி என்று இல்லையே!"

ராஜா தாடையைச் சொறிந்தார். ஆணையில் அப்படித்தான் இருந்தது.

முள்ளம்பன்றி கொஞ்சம் யோசித்தது. "நரியாருக்குத் தினமும் என்ன சம்பளம், ராஜா?"

"நூறு வாய் இறைச்சி."

"யாருடைய வாய் என்று சொல்லியிருக்கிறீர்களா?"

"இல்லையே."

"அப்படியானால் இன்றைக்கு எலி வாயால் அளந்து கொடுங்கள்."

எலி வந்தது. தன் குட்டி வாயால் நூறு தடவை கவ்விக் கவ்வி இறைச்சியை இலையில் வைத்தது. எல்லாம் சேர்ந்து ஒரு மாங்காய் அளவுதான் தேறியது.

"ஐயையோ, இது என் பல்லிடுக்குக்கே பத்தாதே!" என்று நரி அலறியது. "எலி வாயும் என் வாயும் ஒன்றா?"

"எலிக் காலும் யானைக் காலும் மட்டும் ஒன்றா, நரியாரே?"

சபை கொல்லென்று சிரித்தது. புலிராஜா சிரிக்கவில்லை, அவருக்கு வெட்கமாக இருந்தது.

"தெளிவாகச் சொல்லாதது என் தப்பு. குட்டிகளுக்காகப் போட்ட ஆணை இது. ஒரு குட்டியின் காலாலேயே மூன்று கடைகளுக்கும் அளப்போம்" என்றார்.

ஓடையில் விழுந்த அதே பன்றிக்குட்டி மூன்று தடவை, நூறு நூறு அடி நடந்தது. கரடி முனகிக்கொண்டே பானைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தது. குரங்கும் கொஞ்சம் தள்ளிப் போனது. முள்ளம்பன்றி மலையிலிருந்து இறங்கி வந்தது. நரிக்கு அன்றைய சாப்பாடு அந்த மாங்காய் அளவு இறைச்சிதான்.

சாயங்காலம் மான் நொண்டிக்கொண்டே கடைக்கு வந்து, ஒரு துணுக்கு இலையை வாங்கி மென்றது.

"எனக்கு?" என்று எட்டிப் பார்த்தது பன்றிக்குட்டி.

"உனக்குக் கிடையாது, போய் விளையாடு!" என்று விரட்டியது முள்ளம்பன்றி.

பொழுது சாய்வதற்குள் மான் கடையோரத்து மரத்தடியிலேயே தூங்கிப்போனது.

நீதி: சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்றால், அதை அளக்கிற அளவும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.