மண்ணுக்கு வந்த காய்ச்சல்

கொக்குடையான்பட்டியில் அறிவுக்குப் பஞ்சமே இல்லை. யாரும் எடுத்துச் செலவழிக்காததால் அது அப்படியே இருந்தது. பஞ்சமெல்லாம் தண்ணீருக்குத்தான்.

மண்ணுக்குள் நீரும் சூடும் எப்படி இறங்குகின்றன என்று ஆராய ஜெசிந்தா மேடம் வந்தார். ஆராய்ச்சி சரியாக நடந்தால் ஊருக்குக் குளம். உதவிக்குச் சேவுகன், ஒச்சப்பன், மொக்கைச்சாமி. பொறுப்பு சேவுகனுக்கு. அந்தப் பெருமையில் காலையில் அவனுக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை.

"இந்த இடத்துல மண்ணு எத்தனை குடம் தண்ணி குடிக்குதுன்னு பாருங்க. தெர்மாமீட்டரைச் சொருகிச் சூட்டையும் பாருங்க. சாயங்காலம் வர்றேன்" என்று மேடம் பக்கத்து ஊருக்குப் போனார்.

சேவுகன் குடத்தைத் தூக்கினான். ஒச்சப்பன் தடுத்தான்.

"வெயில்ல காஞ்சு கிடக்கு. உடனே பச்சத்தண்ணி குடிச்சா சளி பிடிக்காதா?"

நியாயம்தானே! மண்ணுக்குக் குடை பிடித்தார்கள். பிறகு தெர்மாமீட்டரைச் சொருகினால் நூற்றுப் பதினைந்து!

"நூத்திரண்டுக்கே எங்க மாமனார் பிதற்றினாரு" என்றான் மொக்கைச்சாமி.

மூவரும் தரையில் காதை வைத்தார்கள். மண் பிதற்றவில்லை.

"அய்யய்யோ, பேச்சே நின்னுபோச்சு!" சேவுகன் துள்ளி எழுந்தான். நம்பி ஒப்படைத்த மண் செத்துப்போனால் குளம் எங்கே வரும்?

"நிலவேம்புக் கஷாயம் கொடுப்போம்" என்றான் ஒச்சப்பன்.

"அது மனுசனுக்குல்ல?" என்றான் மொக்கைச்சாமி.

"பேரே நிலவேம்பு. நிலத்துக்குக் கொடுக்காம?"

ஏழு குடம் கஷாயம் காய்ச்சி, ஆற்றி, ஊற்றினார்கள். நெற்றி எந்தப் பக்கம் என்று தெரியாததால் எல்லாப் பக்கமும் ஈரத்துண்டு போட்டார்கள். பொழுது சாயும்போது சூடு தொண்ணூற்றெட்டுக்கு இறங்கியது. சேவுகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மேடம் வந்ததும் ஓடினான். "பிழைச்சிருச்சு மேடம்! ஏழு குடமும் மூஞ்சி சுளிக்காமக் குடிச்சுது. ராத்திரிக்கு இட்லி கொடுக்கலாமா?"

மேடம் தலையில் அடித்துக்கொண்டார். "ஆராய்ச்சியே போச்சு! அடுத்த வாரம் வந்து முதல்லேருந்து பண்ணணும். அதுவரைக்கும் ஒருத்தர் காலும் இந்த மண்ணுல படக்கூடாது!"

அடுத்த வாரம் மேடம் வந்து இறங்கியபோது தெருவில் ஒரு கால்தடம்கூட இல்லை. ஊரே கட்டில்மேல் நின்றது. ஆளுக்கு இரண்டு கட்டில். ஒன்றில் நின்றுகொண்டு மற்றதைத் தூக்கி முன்னால் போடுவது, அதில் தாவுவது, பின்னால் கிடப்பதை இழுத்துக்கொள்வது.

"வந்துக்கிட்டே இருக்கேன் மேடம்!" தெருமுனையிலிருந்து சேவுகன் கத்தினான். "நேத்தே கிளம்பிட்டேன்!"

மேடம் கட்டிலை உற்றுப் பார்த்தார். சேவுகனுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

"கால் படக்கூடாதுன்னீங்கள்ல? அதான் ரெண்டு கட்டிலுக்கும் சேர்த்து, எட்டுக் காலுக்கும் புதுச் செருப்பு மாட்டிட்டேன்" என்றான், வெறுங்காலோடு.