மூடி திறக்காத களைக்கொல்லி

ஓணாம்பாறைப்புதூரில் பொங்கியண்ணன், செம்மலை, குப்பண்ணன் என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு காடு, ஒரு கிணறு, ஒரு மூளை. அந்த மூளை எந்த நாளில் யாரிடம் இருக்கும் என்பது அவர்களுக்கே தெரியாது. ஆனால் சொன்ன சொல்லை இம்மியும் மீறமாட்டார்கள். ஊருக்கு அவர்களால் வந்த தொல்லையெல்லாம் அந்த ஒரு நல்ல குணத்தால் வந்ததுதான்.

கிணற்றுக்கு மேலே சரிவாக இருக்கும் இருபது சென்ட் காட்டில் குதிரைமசால் போட்டிருந்தார்கள். மாட்டுக்கு அருமையான தீவனம், அறுக்க அறுக்கத் தழையும். அதுக்கும் வயசாகும் இல்லையா? எட்டு வருசம் ஆகிவிட்டது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று நானூறு செடி மிஞ்சி, அதுவும் வாடி நின்றது.

இதில் வயிறு எரிந்தது பொங்கியண்ணன் பெண்சாதி பொன்னாத்தாளுக்கு. கொட்டத்தில் நின்ற மூன்று மாடும் அவள் பிறந்த வீட்டுச் சீர். பங்குனியில் வந்த அவள் அண்ணன் சென்னியப்பன் மாடுகளின் விலா எலும்பை விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். "ஆவணியில வருவேன் அம்மிணி. அப்பவும் இப்படியே இருந்துதுன்னா மூணையும் கயித்துல கட்டி ஓட்டிட்டுப் போயிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பழைய மசாலை அழித்துவிட்டுத் தீவனச்சோளம் விதைக்க வேண்டும். உழுதுவிடலாம்தான். ஆனால் முன்னொரு தரம் அந்தச் சரிவை உழுது, அடுத்த நாளே மழை பிடித்து, மண் முழுக்கக் கிணற்றுக்குள் போய்விட்டது. அதனால் மூன்று பேரும் வேளாண்மை ஆபீஸில் யோசனை கேட்கப் போனார்கள்.

அங்கே இருந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். "ஏர் காட்டுக்குள்ள இறங்கவே வேண்டாம். களைக்கொல்லி அடிங்க. மசால் வேரோட பட்டுப்போகும், மண்ணு அசையாது. செத்த தட்டைக்கு நடுவுலயே சோளத்தை ஊனிக்கலாம். ஆனா செடி வாடிக் கிடக்கறப்ப அடிச்சா மருந்து ஏறாது, நல்லா பச்சுனு தழைஞ்சு நிக்கணும். காத்து இருக்கறப்ப அடிக்காதீங்க."

மறந்துவிடக் கூடாதே என்று மூன்று பேரும் பங்கு பிரித்துக்கொண்டார்கள். ஏர் இறங்கக் கூடாது என்பது பொங்கியண்ணன் பொறுப்பு. தழைய வேண்டும் என்பது செம்மலை பொறுப்பு. காற்று குப்பண்ணனுக்கு.

மருந்து டப்பா வீட்டுக்கு வந்த அன்றே செம்மலை வேலையை ஆரம்பித்துவிட்டான். செடிக்குச் செடி எரு வைத்தான், குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினான், வெயில் ஏறினால் தென்னோலை வைத்து நிழல் கட்டினான். பெற்ற பிள்ளைக்குக்கூட அவன் அப்படிச் செய்ததில்லை. ஒரே மாதத்தில் எட்டு வருசத்துக் கிழட்டு மசால் முழங்கால் உயரத்துக்குக் கருகருவென்று எழுந்து நின்றது. மாடு மூன்றும் வேலிக்கு வெளியே நின்று எச்சில் விழுங்கின.

பொன்னாத்தாள் அரிவாளோடு வந்தாள்.

"தொடாதீங்கண்ணி!" என்று செம்மலை குறுக்கே விழுந்தான். "இப்பத்தான் ஒடம்பு தேறிட்டு வருது."

"தேத்தி என்ன பண்ணப் போறீங்க?"

"கொல்லப் போறோம்."

பொன்னாத்தாள் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

இனி அடிக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. எங்கள் பக்கத்து ஆடிக் காற்றைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? வேட்டியைப் பிடிக்க ஒரு கை, துண்டைப் பிடிக்க ஒரு கை என்று ஊரே நடமாடும். குப்பண்ணன் தினமும் விடியும் முன்னே வரப்பில் நின்று விரலை நனைத்துத் தூக்கிப் பார்ப்பான். பார்த்துவிட்டு, "இருக்குதுங்கண்ணா" என்று துக்கமாகச் சொல்வான்.

பதினெட்டு நாள் போனது. மூன்று பேரும் வீட்டுக்குள் உட்கார்ந்து யோசித்தார்கள். திடீரென்று குப்பண்ணன் விரலைத் தூக்கினான்.

"அண்ணா, இங்க காத்தே இல்லீங்க!"

மற்ற இரண்டு பேரும் விரலை நனைத்துப் பார்த்தார்கள். உண்மைதான்.

"அப்ப இங்கயே அடிச்சர்லாம்" என்றான் செம்மலை.

"மசால் காட்டுல இருக்குதேடா?"

"கூட்டிட்டு வந்தாப் போச்சு."

பொங்கியண்ணன் நெடுநேரம் யோசித்தான். மூத்தவன் இல்லையா, பொறுப்பு இருக்கிறது. "ஏர் இறங்கக் கூடாதுன்னாங்க. கடப்பாரையப் பத்தி ஒண்ணும் சொல்லலை" என்று தீர்ப்புச் சொன்னான்.

ஐந்து நாள் பாடுபட்டார்கள். எட்டு வருசத்து மசால் வேர் சும்மா வருமா? செடிக்கு ஒரு முழக் குழி தோண்டி, மண்ணோடு தூக்கிக் கூடையில் வைத்து, காற்றுப் படாமல் துண்டு போர்த்தி, கீழே கொண்டுவந்தார்கள். முன்கூடமான ஆசாரம் நிறைய மசால், கட்டிலடியில் மசால், சாமி படத்துக்குக் கீழேயும் மசால். நானூறும் வந்து சேர்ந்தபின் செம்மலை டப்பாவை எடுத்தான்.

பொன்னாத்தாள் அகப்பையோடு வாசலை மறித்தாள். "சோத்துப் பானை இருக்கற வீட்டுக்குள்ள விஷத்தைத் தெளிப்பீங்களா? ஏனுங்க, உங்களுக்குக் கூறு கீறு இருக்குதா? மூடியைத் தொட்டுப் பாருங்க, தெரியும் சேதி!"

மூன்று பேரும் டப்பாவை அப்படியே நடு ஆசாரத்தில் வைத்துவிட்டு, அவள் கோபம் தணியட்டும் என்று வேப்பமரத்தடிக்குப் போனார்கள். அஞ்சு நாள் அலுப்பு. படுத்ததும் தூங்கிவிட்டார்கள்.

பொன்னாத்தாள் சுற்றிப் பார்த்தாள். காட்டில் இருந்தவரைதான் அது அவர்கள் மசால். இப்போது அவள் வீட்டுக்குள் அல்லவா நிற்கிறது! வெறும் பச்சையாகப் போட்டால் மாட்டுக்கு வயிறு உப்பும் என்று காய்ந்த சோளத்தட்டோடு கலந்து, அன்றைக்குக் கொஞ்சம், மறுநாள் கொஞ்சம் என்று அறுத்துப் போட்டாள். வெறும் வேர்க்கட்டைகள் மட்டும் கூடையில் நின்று காய்ந்தன.

அவள் கோபம் தணிந்திருக்கும் என்று பத்தாம் நாள்தான் மூன்று பேரும் வேப்பமரத்தடியிலிருந்து உள்ளே வந்து, கூடைகளைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள்.

"செத்துப்போச்சுங்கண்ணா" என்றான் குப்பண்ணன் மெல்ல.

"நாம மூடியே திறக்கலையேடா!"

"டப்பா பக்கத்துல இருந்துச்சில்ல. அதப் பாத்தே உசுரு போயிருச்சு."

செம்மலை கண்ணைத் துடைத்துக்கொண்டான். என்ன இருந்தாலும் வளர்த்த பாசம். பொங்கியண்ணன் எழுந்து டப்பாவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.

அந்த வாரமே மழை பெய்தது. நானூறு குழியும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டன, ஒரு பிடி மண் கிணற்றுக்கு வரவில்லை. பொன்னாத்தாள் குழிக்கு நாலு சோளம் ஊன்றினாள். ஆவணிக் கடைசியில் சென்னியப்பன் தோளில் மூன்று கயிற்றோடு வந்தபோது காட்டில் சோளம் முழங்காலுக்கு நின்றது, மாட்டில் எண்ணுவதற்கு எலும்பே அகப்படவில்லை. கயிற்றைக் கண்டதும் பொன்னாத்தாள் மாட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"அட! எப்படி மாப்ளே?" என்றான் சென்னியப்பன்.

"எல்லாம் இந்த டப்பாதானுங்க மச்சான். திறக்கக்கூட இல்லை. பக்கத்துல வெச்சோம், எட்டு வருசத்து மசால் வேரோட காலி!"

சென்னியப்பன் டப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்தான். "எங்க காட்டுலயும் பழைய மசால் நிக்குது மாப்ளே. ஒரு வாரத்துக்குக் குடுங்களேன்."

மாடு கட்டக் கொண்டுவந்த மூன்று கயிற்றையும் டப்பாவுக்குக் கட்டினான். பொன்னாத்தாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு மாட்டுக்குப் பின்னால் போய் நின்று சிரித்தாள்.

வாசல் தாண்டும்போது சென்னியப்பனுக்கு ஒரு கவலை வந்தது. "போற வழியெல்லாம் அடுத்தவங்க காடு. டப்பாவைப் பாத்து அவங்க வெள்ளாமையும் செத்துப்போச்சுன்னா பாவமில்லையா?"

நியாயமான கேள்வி. தம்பிகள் இரண்டு பேரும், "டப்பா வருது! டப்பா வருது! செடி கொடியெல்லாம் உள்ள எடுத்து வையுங்க!" என்று கத்திக்கொண்டு முன்னால் ஓடினார்கள்.

வழியில் இருந்தவர்களும் எங்கள் ஊர்க்காரர்கள்தானே. அன்றைக்குச் சாயங்காலம் ரோட்டோரம் ஒரு துளசிகூட வெளியே இல்லை. கடைசி வீட்டில் மட்டும் ஆறு பேர் கடப்பாரையோடு ஒரு புளியமரத்தைச் சுற்றித் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஏழாவது ஆள் வாசக்காலை இடித்துக்கொண்டிருந்தான்.