எழுபது நிமிடத்துக்கு முந்திய கல்

"என் பயத்தை எப்படியாவது போக்கிடுங்க, சவரிமுத்து" என்றாள் மங்கையர்க்கரசி.

சவரிமுத்து டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

அந்த எண்ணெய்க் கிணற்று முகாமில் அவரைச் சித்தர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவளைவிடப் பத்து வயது இளையவர். பூமிக்குள்ளிருந்து வரும் கல்லையும் வாயுவையும் கவனிப்பது அவர் வேலை. இடுப்பில் லுங்கி இருந்தாலும் காலில் பூட்ஸ் இருக்கும். தூங்கும்போதுகூடக் கழற்ற மாட்டார். அதைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. அவளும் சிரித்தவள்தான்.

மங்கையர்க்கரசி ஒன்றும் லேசுப்பட்டவள் அல்ல. இருபத்திரண்டு வருஷ நிலவியலாளர், தங்கப் பதக்கம் வேறு. சென்னை ஆபீஸில் உட்கார்ந்து வரைபடத்தில் புள்ளி வைப்பாள். அங்கே துளை போடுவார்கள். வைத்த ஒன்பது புள்ளியில் ஆறில் வெறும் தண்ணீர்தான் வந்தது. மானம் போனது, யார் உயிரும் போகவில்லை.

இப்போது அவளைக் கிணற்றடிக்கே அனுப்பிவிட்டார்கள். துளையிடல் நடந்துகொண்டிருந்தது; இதற்கு மேலும் முப்பது மீட்டர் போகலாம் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். அழுத்தமான வாயு கீழே எங்கேயோ இருக்கிறது. அஜாக்கிரதையாகத் தொட்டால் பீறிட்டு வந்து பற்றிக்கொள்ளும். மேலே நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். வயலுக்கு அந்தப் பக்கம் ஒரு தெரு, கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

காலையிலிருந்து அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

"நீங்க பயந்து நான் பார்த்ததே இல்லை. அந்த வித்தையைச் சொல்லுங்க."

"சொல்றேன், மேடம். இப்ப அடியில உடையிற கல்லு ஒரு பிடி எடுத்துட்டு வாங்க."

இவ்வளவுதானா என்று போனாள். பம்பு தள்ளும் சேறு குழாய் வழியே அடிக்கு இறங்கி, உடைந்த கல்லை அள்ளிக்கொண்டு மேலே வந்து சல்லடையில் கொட்டும். ஒரு பிடி அள்ளி வந்தாள். பொடிப்பொடியான கருங்களிக்கல்.

"இது இப்ப உடைஞ்சதா, மேடம்?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மூவாயிரம் மீட்டர் ஏறி வர எழுபது நிமிடம் ஆகும். கல்லூரியில் படித்த பாடம்.

"இப்ப உடைஞ்சதைத்தான் கேட்டேன்."

"விளையாடறீங்களா? அது எப்படிக் கிடைக்கும்?"

"இன்னொரு தரம் போய்ப் பாருங்க."

எரிச்சலோடு போய் மறுபடி அள்ளி வந்தாள். மேஜையில் கொட்டியதும் இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

இந்தத் தடவை பொடி இல்லை. வெட்டிப் போட்ட நகம் மாதிரி நீளநீளமாய், வளைந்து கிடந்தது. அழுத்தம் உள்ளே இருந்து தள்ளினால் பாறை அப்படித்தான் தெறிக்கும்.

சவரிமுத்து எழுந்து லுங்கியை மடித்துக் கட்டினார்.

அந்த நேரம் பார்த்துத் துளையிடும் பிரிவின் தலைவர் கோவர்த்தனன் காகிதமும் பேனாவுமாக உள்ளே வந்தார்.

"என்ன மேடம், இன்னும் யோசனையா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்! போடுங்க கையெழுத்தை. சித்தரே, நீங்களே சொல்லுங்க, நாம பத்திரமா இருக்கோமா இல்லையா?"

"எழுபது நிமிஷத்துக்கு முன்னாடி வரைக்கும் இருந்தோம்."

கோவர்த்தனன் சிரித்தார். மங்கையர்க்கரசி நிமிர்ந்தாள். சவரிமுத்துவின் முகத்தை அப்போதுதான் பார்த்தாள். வெளிறிப் போயிருந்தது. ஐயோ, இவருக்குமா!

"பம்பை நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே வெளியே ஓடினாள்.

பம்பு நின்றது.

பம்பு நின்றால் சேறும் நிற்க வேண்டும். எல்லோரும் குழாய் வாயைப் பார்த்தபடி நின்றார்கள். ஒரு நிமிடம் போனது. சேறு ஓடியது. இரண்டு நிமிடம் போனது. நிற்கவில்லை. தள்ள ஆளில்லாமலே சேறு வந்துகொண்டிருந்தது.

"அடைங்கடா! கிணத்து வாயை அடைங்க!"

இப்போது கத்தியது கோவர்த்தனன். பேனா எங்கே விழுந்ததென்று அவருக்கே தெரியாது.

வால்வு மூடிக்கொண்டது. அழுத்தம் காட்டும் முள் ஏறியது, இன்னும் ஏறியது, பிறகு நின்றது. கனமான சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே செலுத்தி வாயுவை அடக்க மாலை ஐந்து மணி ஆகிவிட்டது. அந்தத் தெருவில் யாரோ துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்கள்.

மங்கையர்க்கரசி படியில் உட்கார்ந்தாள்.

"பயத்தைப் போக்கச் சொல்லித்தானே வந்தேன்? இப்ப ரெண்டு மடங்கா இருக்கே, சவரிமுத்து!"

அவர் குனிந்து, அவிழ்ந்து கிடந்த அவள் பூட்ஸ் கயிற்றை இழுத்து இறுக்கி இரட்டை முடிச்சுப் போட்டார்.

"போய்த் தூங்குங்க, மேடம்" என்றார்.