நட்சத்திராவின் முகூர்த்தப் புடவை

ஊசிக்குளத்தில் அறிவாளிகளே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்று பேர் இருக்கிறார்கள். மூன்று பேருமே பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பூரணி டெய்லர்ஸில்தான் வேலை பார்க்கிறார்கள். ஊருக்குள் அவர்களுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். அது நமக்கு வேண்டாம்.

கடை முதலாளி கோமதிநாயகம். துணி வெட்டுவது அவர் வேலை. தைப்பது சூசை. காஜா எடுத்து, பட்டன் வைத்து, இஸ்திரி போடுவது பேச்சிமுத்து. கோமதிநாயகத்துக்கு ஒரே மகள் பூரணி, கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிறாள். அவளுக்குக் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு. சுடுவது, குத்துவது ஒன்றும் அதில் இல்லை. ஆட்களை உண்டாக்கி, வீடு கட்டிக் குடிவைத்து, சமைக்கச் சொல்லி, தூங்கச் சொல்லி, உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான். குடும்பம் நடத்துவது எப்போது விளையாட்டாயிற்று என்று கோமதிநாயகத்துக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அந்த விளையாட்டில் பூரணி ஆளாக்கிய பெண் நட்சத்திரா. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை அவளுக்குக் கல்யாணம். பூரணி போன் போட்டாள்.

"அப்பா, விளையாட்டுக்குள்ள இருக்கதெல்லாம் கவுனும் பேன்ட்டும்தான். முகூர்த்தப் புடவை நீங்கதான் பண்ணித் தரணும். ஹாஸ்டல்ல எல்லாரும் கல்யாணம் பாக்க வாராங்க. எங்க அப்பா டிசைன்னு சொல்லிட்டேன்."

அப்பா டெய்லர் என்பதை மகள் காலேஜில் மூடி மறைக்கிறாளோ என்று கோமதிநாயகத்துக்குள் ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. இப்போது பார்த்தால் ஹாஸ்டல் முழுக்கச் சொல்லிவிட்டாள்! இதில் மட்டும் ஏதாவது கோளாறு வந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

பூரணியின் பழைய கம்ப்யூட்டர் கடையில்தான் கிடந்தது. இங்கே மாற்றினால் அங்கே அவளுக்கும் அப்படியே தெரியும். "மாதிரிப் படம் அனுப்பிருக்கேன். அதுமேல கலர் அடிச்சா அதான் துணி. ஒண்ணே ஒண்ணு, தோல மட்டும் தொட்டுராதீங்க" என்றாள். உடம்புத் தோலுக்கு வேறு படம் உண்டு, அதில் கை வைக்க வேண்டாம் என்பதைத்தான் அவள் அப்படிச் சொன்னாள். யாரிடம் சொல்கிறோம் என்று யோசித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை கோமதிநாயகம் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் திரைக்குப் பக்கத்தில் போனார். சூசை குறுக்கே பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, என்ன காரியம் பண்ணுதீரு? தோலத் தொடக் கூடாதுன்னு பாப்பா சொல்லலியா?"

"அட, ஆமா! நல்ல நேரத்துல பிடிச்சடே."

அப்புறம் வாசல் பக்கம் தள்ளி நின்று, டேப்பைக் காற்றில் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அளந்தார்கள். இடுப்பு மூன்று விரற்கடை வந்தது.

"மூணு விரக்கடையில ஒரு இடுப்பா?" என்றான் பேச்சிமுத்து.

"ஹாஸ்டல் சாப்பாடுலே" என்றார் கோமதிநாயகம் வருத்தத்துடன்.

நட்சத்திராவோ ஓரிடத்தில் நிற்கிற பெண்ணாக இல்லை. இடுப்பில் கை வைத்தாள், கொட்டாவி விட்டாள், சமையலறைக்குப் போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தாள். "அம்மாடி, கொஞ்சம் நேரா நில்லு தாயி" என்று கெஞ்சினார் கோமதிநாயகம். அவள் குளியலறைக்குள் போனதும் மூன்று பேரும் மரியாதையாகச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்கள். கதவு திறக்கும் சத்தம் கேட்ட பிறகும் யாரும் உடனே திரும்பவில்லை. பெரிய வீட்டுப் பெண், தலை துவட்ட நேரமாகும் அல்லவா!

அளவு முடிந்து மாதிரிப் படத்தைத் திறந்தார்கள். பேச்சிமுத்து அலறியே விட்டான். ஒரு பெண்ணின் உடம்பு முன்பக்கம் தனியாக, பின்பக்கம் தனியாக, கைகள் தனியாகத் தட்டையாக விரித்துப் போடப்பட்டிருந்தது.

"அண்ணாச்சி! யாரோ பிள்ளைய வெட்டிப் பரப்பிருக்கான்! போலீசுக்குச் சொல்லும்!"

"வாய மூடுலே. இது கட்டிங். முன்னாடி, பின்னாடி, கை. நாம தினமும் வெட்டுததுதானே?"

அவர் சொன்னது முழுக்கச் சரி. அந்தக் கடையில் அன்றைக்குச் சொல்லப்பட்ட ஒரே சரியான விஷயம் அதுதான். வினை அங்கேதான் ஆரம்பித்தது. கட்டிங் என்று ஆகிவிட்டால் உள்தையலுக்குத் துணி விட வேண்டாமா?

"தாராளமா விடுங்க அண்ணாச்சி" என்றான் சூசை. "கல்யாணமானா பிள்ள ஒரு சுத்துப் பெருக்கும். பிரிச்சு விடணும்லா?"

ஆகவே அரக்குச் சிவப்பைக் கோட்டுக்கு வெளியேயும் நாலாபக்கமும் தாராளமாக அடித்தார்கள். கோமதிநாயகம் கரைக்குச் சரிகை வரைந்து, முந்தானையில் மயில் வைத்தார். மயில் அழகாகவே வந்தது. பொய் சொல்லக் கூடாது, மனிதனுக்குக் கை இருந்தது. மற்றதுதான் கொஞ்சம் குறைவு. கடைசியாகப் பேச்சிமுத்து மேஜையில் தண்ணீர் தெளித்து, மவுஸை அழுத்திப் பிடித்து, மடிப்பில்லாமல் தேய்த்துக் கொடுத்தான். மவுஸ் ஒரு தரம் சிவப்பாக மின்னிவிட்டு அணைந்தது. எதிர்க் கடையில் இன்னொன்று இரவல் வாங்கினார்கள்.

சனிக்கிழமை பெரிய விவாதம் வந்தது.

"டிரையல் பாக்காம துணி குடுக்கிற கடை இது இல்ல" என்றார் கோமதிநாயகம். "பிள்ளைக்குப் போட்டுப் பாப்போம்."

"முகூர்த்தப் புடவையையா?" சூசை மார்பில் சிலுவை போட்டுக்கொண்டான். "முகூர்த்தத்துக்கு முன்னாடி கல்யாணப் பொண்ணு அத மேல சாத்தலாமா? குடும்பத்துக்கு ஆகுமா?"

திரையில் நட்சத்திரா வீட்டில் சும்மா இருக்கிற ஆள் யார் என்று மூவரும் பார்த்தார்கள். மாப்பிள்ளை ரோஷன் சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு உடுத்திவிட்டார்கள்.

சரிகை அவன் கன்னம்வரை ஏறி நின்றது. "உள்தையல்தான், பிரிச்சா சரியாப் போவும்" என்றார் கோமதிநாயகம். ஆனால் இடது தோளில் வரைந்த முந்தானை வலது தோளிலும் தொங்கியது. அந்த விளையாட்டில் ஒரு பக்கம் வரைந்தால் மறுபக்கமும் தானாக விழும். அது இவர்களுக்கு எப்படித் தெரியும்?

"முந்தானை ரெண்டுல்லா இருக்கு" என்றான் பேச்சிமுத்து.

"ஒண்ணு பொறந்த வீட்டுக்கு, ஒண்ணு புகுந்த வீட்டுக்கு" என்றான் சூசை. அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

தோள்தான் இறுக்கிப் பிடித்தது. குறை புடவையிலா, ரோஷன் உடம்பிலா? இன்னொருவருக்குப் போட்டால்தானே தெரியும்! சமையல்காரருக்குப் போட்டார்கள். நாதஸ்வரக்காரருக்குப் போட்டார்கள். பந்தல்காரர், வந்திறங்கிய விருந்தாளிகள், வாசலில் பார்சலோடு நின்ற தபால்காரர் என்று ஒருவர் பாக்கியில்லை. போட்டதைக் கழற்றினார்களா என்றால், இல்லை. முன்பின் தெரியாத ஆம்பிளைகளை நடுக்கடையில் வைத்து உரிப்பது மரியாதையா?

ஞாயிற்றுக்கிழமை மூவரும் வெள்ளை வேட்டி கட்டி, திரைக்கு ஒரு முழம் மல்லிகை சாத்தி, வரிசையாக உட்கார்ந்தார்கள். நாதஸ்வரம் ஆரம்பித்தது. கூடவே போனும் அடித்தது.

"அப்பா!" பூரணியின் குரல் கீச்சென்று வந்தது. "என்னப்பா இது? தபால்காரர் வரைக்கும் பட்டுப்புடவையில நிக்காரு! நட்சத்திரா மட்டும் படுக்கப் போற பனியன்ல நிக்கா! புடவை உங்க கம்ப்யூட்டர்லதான இருக்கு, சீக்கிரம் அவளுக்கு மாத்தி விடுங்க!"

"எப்படிம்மா?" கோமதிநாயகம் கலங்கிப்போனார். "ஊரே உடுத்துன புடவையாச்சே. பழம்புடவைய முகூர்த்தத்துக்குக் குடுக்கலாமா?"

அந்தப் பக்கம் பூரணிக்குப் பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. கோமதிநாயகத்துக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. நல்லபடியாகக் காலேஜில் தலை நிமிர்ந்து நடந்த பிள்ளை, அப்பா பேரைச் சொல்லப் போய் இப்படி ஆயிற்றே! வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கெட்டிமேளம் நெருங்கிக்கொண்டிருந்தது.

சூசைதான் மெதுவாகக் கேட்டான். "அண்ணாச்சி, கல்யாணத்துல பொண்ணு யாரு?"

"முகூர்த்தப் புடவை உடுத்தினவ."

"மணவறையில உடுத்திருக்கது யாரு?"

கோமதிநாயகம் ரோஷனைப் பார்த்தார். நட்சத்திராவைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பூரணி! ஒரு குறையும் இல்லம்மா! அந்தப் பையன் பொண்ணா இருக்கட்டும். நம்ம பிள்ள தாலி கட்டட்டும்!"

யோசிக்க நேரமில்லை. பூரணி கம்ப்யூட்டரில் தட்டினாள். பனியன் போட்ட நட்சத்திரா, பட்டுடுத்திய ரோஷனின் கழுத்தில் தாலி கட்டினாள். புடவை கட்டிய சமையல்காரரும் புடவை கட்டிய தபால்காரரும் அட்சதை போட்டார்கள். போனுக்குள் ஹாஸ்டலே விசிலடித்தது. "அங்கிள், எங்க ஆளுங்களுக்கும் இதே மாதிரி வேணும்!" என்று யாரோ ஒருத்தி கத்தினாள். பூரணி மூச்சு முட்டச் சிரித்தபடி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்க அப்பாதான்! எங்க அப்பாதான் தச்சது!"

கோமதிநாயகம் திரைக்கு முன்னால் கைகூப்பி நின்றார். பிறவிப் பயன் கிடைத்துவிட்டது.

பேச்சிமுத்து மட்டும் திரைக்குக் கிட்டே போய் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, பொண்ணுக்கு மீசை இருக்கே."

"இருக்கட்டும்லே" என்றார் கோமதிநாயகம். "அது சலூன்காரன் வேலை. அதுல எல்லாம் டெய்லர் தலையிடக் கூடாது."